பழி சுமந்த மலைப்பறவை

மனிதர் இட்ட பெயரொன்று ஒரு பறவையின் உயிருக்கே உலை வைத்த வரலாறு ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைநாட்டில் நிகழ்ந்தது. அந்நாட்டில் ஜேர்மன் மொழி பேசுவோர் அப்பறவையை 'லெமர்கையர்' என்று அழைத்தனர். ஆட்டுக்குட்டிக் கழுகு என்பது அதன் கருத்து. ஆட்டுக்குட்டியைத் தூக்கிச் செல்லும், மலைச்சரிவில் நிற்கும் ஆட்டைச் சிறகால் அடித்துப் பள்ளத்தில் வீழ்த்தும், தனித்திருக்கும் குழந்தையையும் கவர்ந்து செல்லும் என்றெல்லாம் கதைகள் பரவின. அப்பறவையைக் கொன்றவருக்கு அரசாங்கங்கள் சன்மானம் வழங்கின. துப்பாக்கியும் பொறியும் நஞ்சும் தம் வேலையைச் செய்தன. 1913ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டின் அவொஸ்தாப் பள்ளத்தாக்கில், அல்ப்ஸ் மலையின் கடைசிப் பறவையும் சுட்டு வீழ்த்தப்பட்டது.

இத்துணைப் பழியையும் சுமந்து மாண்ட அப்பறவையின் உண்மையான உணவு யாது? எலும்பு. ஏற்கனவே இறந்துபோன விலங்கின், பிற பறவைகளும் விலங்குகளும் இறைச்சியைத் தின்று தீர்த்தபின் எஞ்சிக் கிடக்கும், வெற்றெலும்பு!

அப்பறவையே தாடிப்பாறு. தமிழில் கழுகு என்னும் சொல் இருவேறு இனங்களைக் குறிக்க வழங்குகிறது. உயிருள்ள இரையை வேட்டையாடும் கழுகு ஒன்று. இறந்த உடலை உண்ணும் பிணந்தின்னிக் கழுகு மற்றொன்று. பின்னதைப் 'பாறு' என்றும் 'எருவை' என்றும் பண்டைத் தமிழ் நூல்கள் வழங்கின. இலங்கையில் பாறுகள் கூடுகட்டி வாழ்வதில்லை. ஆதலால் இந்நாட்டு நேயர்களுட் பெரும்பாலோர் அவ்வினத்தை நேரிற் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் தமிழகத்துத் திருக்கழுக்குன்றத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். அங்கு நாள்தோறும் உச்சிவேளையில் இரு பறவைகள் வந்து குருக்கள் கையால் அமுதுண்டு செல்லும் காட்சியைக் காண யாத்திரிகர் திரண்டனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியளவில் அவ்வரவு நின்றுபோயிற்று. குன்றுக்கு வந்த அப்பறவைகள் மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தவை. தாடிப்பாற்றுக்கு மிக நெருங்கிய உறவினம் அம்மஞ்சள்முகப் பாறே என்பது மரபணு ஆராய்ச்சியாற் பெறப்பட்டுள்ளது.

தாடிப்பாறு மலைக்கே உரிய பறவை. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையே நிற்கும் பிரனீஸ் மலை, கோர்சிகா, கிரீட் ஆகிய தீவுகளின் மலைகள், கௌகாசியா, ஈரான், இமயம், திபெத்து, எதியோப்பிய மேட்டுநிலம், ஆபிரிக்காவின் தென்கோடியில் லெசோத்தோவையும் திராக்கன்ஸ்பேர்க் மலையையும் சூழ்ந்த உயர்நிலம் என அதன் உறைவிடங்கள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவிற் சிதறிக் கிடக்கின்றன. செங்குத்தான பாறைமுகடும், அதனைத் தழுவி மேலெழும் காற்றும், ஆடோ மானோ மேயும் சரிவும் எங்குண்டோ அங்கு அது வாழும். இமயத்தில் 7,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலும் அது பறந்ததைக் கண்டிருக்கின்றனர்.

அதன் தோற்றம் கண்டாரைக் கவரும். விரித்த சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 2.8 மீற்றர், அதாவது ஒன்பதடி, இருக்கக்கூடும். இவ்வளவு பெரிய பறவையின் நிறையோ ஐந்து முதல் ஏழு கிலோகிராமே. நீண்டு ஒடுங்கிய சிறகும் ஆப்பு வடிவான நீள்வாலும் கொண்டு, சிறகடிக்காமலே மலைச்சரிவை ஒட்டி நெடுநேரம் மிதந்து செல்ல வல்லது. மற்றப் பாறுகள் பலவற்றின் தலையும் கழுத்தும் மயிரின்றி மழித்தாற்போல் இருக்கும். பிணத்தின் வயிற்றுக்குள் தலையை நுழைத்து உண்பவற்றுக்கு அதுவே வசதி. தாடிப்பாற்றுக்கு அத்தேவை இல்லாமையால் அதன் தலையும் கழுத்தும் இறகால் நிறைந்துள்ளன. கண்ணிலிருந்து அலகு வரை கரியதொரு பட்டை ஓடி, அலகின் கீழே விறைத்த மயிர்க்கற்றையாகத் தொங்குகின்றது. அதுவே தாடி. வெளிறிய கண்மணியைச் சுற்றிச் செந்நிற வளையம் ஒன்றுண்டு. பறவை கிளர்ச்சியுற்றபோது அவ்வளையம் மேலும் சிவக்கும்.

உணவுக்கு வருவோம். எலும்பில் உண்பதற்கு என்ன இருக்கிறது என்று ஐயுறுதல் இயல்பே. எலும்பின் உள்ளே கொழுப்பு நிறைந்த மச்சை உண்டு. எலும்பின் கட்டமைப்பிலேயே புரதமும் கலந்துள்ளது. அதனால் எலும்பு தரும் சத்து இறைச்சி தருவதைவிட மிகக் குறைந்ததன்று. மேலும், இறைச்சி சில நாளில் அழுகிவிடும். எலும்போ மலையின் உலர்ந்த குளிர்காற்றில் மாதக்கணக்காகக் கெடாமற் கிடக்கும். பெருங்கூட்டமாக வரும் பிற பாறுகளோடும், நரியோடும், காகத்தோடும் இறைச்சிக்காகப் போரிடத் தேவையில்லை. அவை வயிறு நிறைந்து அகன்றபின் வந்தாலும் போதும். பிறர் கழித்ததை உணவாகக் கொள்ளும் இவ்வழி மலைவாழ்க்கையில் ஒரு பெருஞ் செல்வம். தாடிப்பாற்றின் உணவில் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு வீதம் எலும்பே எனக் கணக்கிட்டுள்ளனர். முதிர்ந்த உயிர்களுள் இவ்வாறு எலும்பையே முதன்மை உணவாகக் கொண்டு வாழும் பறவை பிறிதொன்றில்லை.

சிறிய எலும்புகளை அது முழுதாகவே விழுங்கும். 25 சென்ரிமீற்றர் அளவு நீண்ட எலும்பும் அதன் தொண்டையில் இறங்கிவிடும். அத்தொண்டை மிக விரிந்து கொடுக்கும் இயல்புடையது. மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியில் முன்னோக்கி அமைந்திருத்தலால், எலும்பு தொண்டையில் நிற்கும்போதும் மூச்சு அடைபடுவதில்லை. இரைப்பையில் மிகக் கடுமையான அமிலம் சுரக்கின்றது. அவ்வமிலத்தில் எலும்பு ஏறக்குறைய ஒரு நாளுக்குள் கரைந்துவிடுகின்றது.

விழுங்க இயலாத பெரிய எலும்பை அது கையாளும் முறைதான் வியப்பிற்குரியது. தொடையெலும்பு போன்றதொன்றைக் காலிற் பற்றிக்கொண்டு ஐம்பது முதல் நூற்றைம்பது மீற்றர் வரை மேலெழும். கீழே தட்டையான பாறைச் சரிவொன்றைக் குறிபார்த்து எலும்பை நழுவவிடும். பாறையில் மோதி எலும்பு சிதறும். பறவை வட்டமிட்டு இறங்கிச் சிம்புகளையும் மச்சையையும் உண்ணும். முதன்முறை உடையாவிட்டால் மீண்டும் எடுத்துச் சென்று போடும். ஒரே எலும்பை இருபது முறைக்கு மேலும் போட்டுடைத்ததைக் கண்டவர் உளர். இதற்கென ஒவ்வொரு பறவைக்கும் தெரிந்தெடுத்த பாறைகள் உண்டு. ஆண்டுதோறும் அதே பாறைகளையே அது நாடும். அங்கு எலும்புச் சில்லுகள் வெண்மையாகப் பரவிக் கிடப்பதைக் கொண்டே அப்பகுதியில் தாடிப்பாறு வாழ்வதை மலைவாணர் அறிந்துகொள்வர். ஸ்பானிய மொழியில் அதன் பெயர் 'எலும்பு முறிப்பான்' என்பதாகும். ஒரே மலைப்பறவையைக் கண்ட இரு மக்களுள் ஒரு சாரார் உண்மையைப் பெயராக்கினர். மற்றொரு சாரார் அச்சத்தைப் பெயராக்கினர்.

எலும்பு உடைக்கும் கலை பிறப்பிலேயே முழுமையாக அமைந்துவிடுவதன்று. இளம் பறவைகள் எலும்பைத் தாழ்வில் இருந்தும், மென்னிலத்திலும் போட்டு ஏமாறும். உயரம், காற்று, பாறை ஆகிய மூன்றையும் கணித்து எலும்பைக் குறிதவறாது போடப் பழகுவதற்குச் சில ஆண்டுகள் செல்லும்.

தாடிப்பாற்றின் நிறத்திலும் ஒரு புதுமை உண்டு. வளர்ந்த பறவையின் மார்பும் கழுத்தும் தலையும் காவிநிறமாகத் திகழும். அந்நிறம் இறகில் ஊறிய நிறம் என்றே பலரும் கருதினர். ஆனால் கூட்டில் அடைத்து வளர்க்கப்பட்ட பறவைகள் வெண்மையாகவே இருந்தன! இரும்பு ஒட்சைட்டுக் கலந்த செம்மண் சேற்றிற் பறவை தானே படிந்து, மார்பையும் கழுத்தையும் தோளையும் அதில் தேய்த்துப் பூசிக்கொள்கிறது என்பது பின்னர் புலனாயிற்று. பிறந்தது முதல் செம்மண்ணையே காணாத பறவைக்கும் ஈரச் செம்மண்ணை ஒரு தட்டில் வைத்தால், அது அலகாலும் காலாலும் ஆராய்ந்துவிட்டு அதிற் புரளத் தொடங்கும். பின்னர் இறகுகளை நீண்டநேரம் கோதி அந்நிறத்தைப் பரப்பும். ஆகவே இப்பழக்கம் அதன் இயல்பிலேயே அமைந்தது. வயதாலும் வலிமையாலும் மேம்பட்ட பறவை தன் நிலையைப் பிறவற்றுக்கு உணர்த்தும் அடையாளம் அது என்பர் ஒரு சாரார். கிருமிகளிலிருந்து இறகையும் முட்டையையும் காக்கும் மருந்து என்பர் மற்றொரு சாரார். ஆராய்ச்சியாளரிடையே இவ்விவாதம் தொடர்கின்றது.

இனப்பெருக்கத்தில் இப்பறவை மிகவும் மந்தமானது. அதன் அழிவை விளங்கிக்கொள்வதற்கு இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். குஞ்சுப் பருவத்துக் கருநிறம் மாறி முதிர்ந்த தோற்றம் பெறுவதற்கே ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் செல்லும். குஞ்சு பொரித்து வளர்க்கும் நிலையை அடையும்போது பெரும்பாலும் எட்டு வயதாகிவிடும். ஆணும் பெண்ணும் வானில் ஒன்றையொன்று துரத்தியும், கால்விரல்களைப் பிணைத்துக்கொண்டு சுழன்று வீழ்ந்தும் காதல் விளையாட்டு நிகழ்த்தும். பிரனீஸ் மலையில் ஈர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஒரே கூட்டைப் பேணும் வழக்கமும் காணப்படுகின்றது. ஐரோப்பிய மலைகளில் மார்கழி தொடக்கம் மாசி வரையுள்ள கடுங்குளிரில், பனி மூடிய பாறைக் குகையிற் பெண்பறவை முட்டையிடும். இரு பறவைகளும் மாறி மாறி ஏறக்குறைய 55 நாள் அடைகாக்கும். குளிர்காலத்தில் முட்டையிடுவதற்கு ஏற்ற காரணம் உண்டு. குஞ்சு வெளிவரும் காலமே பனிச்சரிவில் அகப்பட்டு மாண்ட காட்டாடும் மலைமானும் பனி உருக உருக வெளிப்படும் காலமாகும். குஞ்சுக்கு முதற் சில வாரம் எலும்பைவிட இறைச்சியே வேண்டும். அது வேண்டும்போது மலையிற் கிடைக்கிறது.

முட்டைகள் பெரும்பாலும் இரண்டு. அவற்றுட் பின்னது சில நாள் பிந்திப் பொரிக்கும். முன்னே பிறந்த குஞ்சு பின்னே பிறந்ததைக் கொத்திக் கொன்றுவிடும். அல்லது இளையது உணவின்றி மடியும். இரண்டும் பிழைப்பது அரிதினும் அரிது. முதல் முட்டை பொரிக்காது போனால் ஈடுசெய்வதற்கே இரண்டாம் முட்டை உதவுகின்றது. எஞ்சிய ஒரு குஞ்சு நான்கு மாதமளவிற் பறக்கத் தொடங்கும். ஆகவே ஓர் இணைக்கு ஆண்டொன்றுக்கு ஒரு குஞ்சு என்பதே மிகக் கூடிய அளவு. பல ஆண்டுகளில் அதுவும் இல்லை. ஒரு வேட்டைக்காரனின் ஒரு குண்டுக்கு இரையான முதிர்ந்த பறவையின் இடத்தை நிரப்ப, மலைக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படும்.

தாடிப்பாறு பாறைக் குகையிலுள்ள கூடுகளை வழிவழியாகப் பேணுவது. குச்சிகளால் கட்டிய கூட்டினுள் ஆட்டு ரோமத்தையும், கந்தலையும், மனிதர் எறிந்த பிறவற்றையும் மெத்தையாகப் பரப்பும். தென் ஸ்பெயினில் இப்பறவை அற்றுப்போன பின்னரும் பழைய கூடுகள் சில, மழை படாத குகைகளில் எஞ்சி நின்றன. அவ்வாறான பன்னிரண்டு கூடுகளை ஆராய்ச்சியாளர் அடுக்கடுக்காகப் பிரித்து ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2025ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எலும்புகளோடும் முட்டையோடுகளோடும் புல்லினாற் பின்னிய மிதியடி, அம்பு, வண்ணந் தீட்டிய தோற்றுண்டு முதலியனவும் அவற்றுட் கிடைத்தன. ஒரு மிதியடியின் வயது 650 ஆண்டுக்கு மேற்பட்டது எனக் காபன் முறையாற் கண்டனர். மனிதர் அரும்பொருட்காட்சிச்சாலை அமைக்காத காலத்தில், ஒரு பறவை மலையிடுக்கில் அவர்தம் வாழ்வின் சின்னங்களைச் சேமித்து வைத்திருந்தது எனலாம்.

இத்தகைய பறவை மீது ஆட்டுக்குட்டியைக் கொல்லும் பழி எவ்வாறு வந்தது? அதன் பேருருவம் முதற் காரணம். சிவந்த கண்ணும் காவிபூசிய மார்பும் அச்சமூட்டின. எலும்பை உயரத்திலிருந்து போடும் பறவை ஆட்டையும் அவ்வாறே தூக்கிப் போடும் என்று எண்ணினர். தாமாகவே விழுந்தோ நோயுற்றோ மாண்ட ஆட்டுக்குட்டியின் காலெலும்பை அது தூக்கிச் செல்வதைக் கண்ட இடையர், கொன்றதும் அதுவே எனத் துணிந்தனர். பொன்னாங்கழுகு முதலியவை கவர்ந்த குட்டிகளின் கணக்கும் இதன்மேல் ஏறியது. தாடிப்பாற்றின் கால்நகங்களை ஒருவர் சற்று நோக்கியிருந்தாற் போதும். அவை வேட்டைக் கழுகின் நகங்களைப்போல் வலியன அல்ல. ஏழு கிலோகிராம் நிறைக்கு மேற்படாத ஒரு பறவை ஒரு குழந்தையைச் சுமந்து மலையேறுவதும் ஆகாத காரியம். ஆயினும் கதையைக் கேட்டவர் பலர். பறவையைக் கவனித்தவர் சிலர். காட்டாடும் மலைமானும் வேட்டையால் அருகியமையும் அதன் உணவைக் குறைத்தது. பறவை அருகிவரவே, அதன் உடலையும் முட்டையையும் காட்சிப் பொருளாகச் சேர்ப்போர் அதிக விலை கொடுத்தனர். எஞ்சியவை அதனால் அழிந்தன.

மலை வெறுமையாகிய அறுபது ஆண்டின் பின் ஒரு சிந்தனை பிறந்தது. மனிதர் அழித்ததை மனிதரே மீட்க இயலாதா? 1970களில் ஆப்கானிஸ்தானத்திலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து அல்ப்ஸ் மலையில் விடும் முயற்சி பயனளிக்கவில்லை. பின்னர் ஐரோப்பாவின் மிருகக்காட்சிச் சாலைகளில் ஆங்காங்கு வாழ்ந்த பறவைகளை இணைத்துக் குஞ்சு பொரிப்பிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் நகர மலைவிலங்குச் சாலையில் 1973 முதல் குஞ்சுகள் வளர்ந்தமை அதற்கு நம்பிக்கையூட்டியது. இரண்டாம் முட்டை வீணாகாதவாறு அதன் குஞ்சை வேறாகக் காப்பாற்றி, வளர்ப்புப் பெற்றோரான பிற தாடிப்பாறுகளிடம் ஒப்படைத்தனர். மனிதர் கையாற் குஞ்சுக்கு உணவூட்டி வளர்த்தால், அது மனிதரையே தன் இனமெனக் கருதிவிடும் என்பதாலேயே இவ்வேற்பாடு.

1986ஆம் ஆண்டில், ஒஸ்திரியாவின் றவுறிஸ் பள்ளத்தாக்கில் முதற் குஞ்சுகள் விடப்பட்டன. பறக்கத் தொடங்குமுன், மூன்று மாதமளவான குஞ்சுகளைப் பாறைப் பொந்தில் வைத்து, மனிதர் கண்ணிற் படாதவாறு உணவைப் போட்டனர். குஞ்சு தானாகச் சிறகு விரித்துப் பறந்து, அம்மலையையே தன் தாயகமாகக் கொள்ளும். ஒவ்வொன்றின் சிறகிலும் சில இறகுகளை வெவ்வேறு வகையாக வெளிறச் செய்தனர். பறக்கும்போதே இன்ன பறவை என அறிதற்கு அது உதவிற்று. இவ்வாறு பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளிலும் பறவைகள் விடப்பட்டன. முன்னாளிற் சன்மானம் பெறத் துப்பாக்கி ஏந்திய மலைவாணரின் பேரர்கள், தொலைநோக்கி ஏந்தி அப்பறவைகளைக் கணக்கெடுக்கலாயினர்.

ஆண்டுகள் பதினொன்று கழிந்தன. 1997ஆம் ஆண்டில், பிரான்சின் ஓத் சவோய் மலைப்பகுதியில், விடப்பட்ட பறவைகளின் முதற் குஞ்சு இயற்கையான கூட்டில் வளர்ந்து பறந்தது. 2007ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்திலும் அவ்வாறு நிகழ்ந்தது. அல்ப்ஸ் மலையில் இதுவரை 200க்கு மேற்பட்ட குஞ்சுகள் விடப்பட்டுள்ளன. இன்று ஆண்டுதோறும் விடப்படுவனவற்றைவிட, மலையிலேயே பிறந்து பறப்பனவே பல மடங்கு அதிகம். பழைய மிதியடி கிடைத்த தென் ஸ்பெயினிலும் 2006 முதல் குஞ்சுகள் விடப்பட்டு, 2015ஆம் ஆண்டில் இயற்கையான கூட்டிற் குஞ்சு வளர்ந்தது.

எனினும் இடர் தீர்ந்துவிடவில்லை. ஓநாய்க்கும் நரிக்கும் வைக்கும் நஞ்சு பாற்றையும் கொல்கின்றது. மின்கம்பியில் மோதி மாள்வன உண்டு. வேட்டைக்காரர் விட்டுச்சென்ற உடலிற் பதிந்த ஈயத்துணுக்கு எலும்போடு உள்ளே செல்லும்போது, எலும்பையே கரைக்கும் அதே அமிலம் ஈயத்தையும் கரைத்து இரத்தத்திற் கலக்கின்றது. தென்னாபிரிக்க மலைகளில் அதன் தொகை இன்றும் குறைந்துகொண்டே வருகிறது. அருகிவரும் நிலையை அணுகிய இனமாக 2014ஆம் ஆண்டில் உலக இயற்கைக் காப்புப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

ஜேர்மன் மொழியில் இப்பறவையின் பெயர் இன்று 'பார்ட்கையர்', அதாவது தாடிப்பாறு. ஆட்டுக்குட்டிக் கொலைப்பழி அப்பெயரில் இல்லை. ஒரு பறவையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தறியும் முன்பே அதன்மேற் பழி சுமத்தினர். அதனால் ஒரு மலைநாடு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு அதனை இழந்தது. பழி நீங்கியதன் பின்னரும், ஒவ்வொரு குஞ்சாக, ஒவ்வோர் ஆண்டாகப் பொறுமையோடு மீட்க வேண்டியதாயிற்று. மலைச்சரிவில் வெற்றெலும்பு இன்றும் கிடக்கிறது. அதனை எடுத்துச் செல்ல ஒரு பறவை மீண்டும் வருகிறது. ஆட்டுக்குட்டிகள் அதன் நிழலிலே அச்சமின்றி மேய்கின்றன.